குளிர்ந்த காற்றுக்கு மதுரையில் எங்கே போவது?

2024 ஏப்ரல் 9, கேள்வி

என்னிடம் இருப்பது 1.2 லிட்டர் பெட்ரோல் கார், 2014 மாடல். ஊர் உசிலம்பட்டிப் பக்கம். வாரத்தில் ஐந்து நாள், விடியற்காலை மூன்றரைக்கெல்லாம் மல்லிகை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணி பூச்சந்தைக்கு வருகிறேன். செக்கானூரணி தாண்டி லாரியை முந்தப் பார்த்தால் வண்டி திணறுகிறது. தெரிந்தவர் ஒருவர் தன் காருக்குக் கோல்ட் ஏர் இன்டேக் போட்டிருக்கிறார், கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பதிலாக என்ஜினுக்குக் குளிர்ந்த காற்றைக் கொண்டுவரும் குழாயாம். பத்துக் குதிரைத் திறன் கூடிவிட்டது, லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் மைலேஜும் ஏறிவிட்டது என்கிறார். போடலாமா? நம் வெயிலுக்குச் சரிவருமா? போட்டுப் பார்த்தவர்கள் மட்டும் சொல்லுங்கள்.

2024 ஏப்ரல் 10

போட்டுப் பார்த்தவன் சொல்கிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமைதான் போட்டேன். இதே 1.2 லிட்டர் பெட்ரோல் வகை. விலை 9,500 ரூபாய். வில்லாபுரத்தில் வீட்டு வாசல் வேப்பமர நிழலில் நானும் மச்சானும் உட்கார்ந்து மூன்று மணி நேரத்தில் முடித்தோம். ஒன்றரை மணி நேரம் என்று பெட்டியில் போட்டிருந்தது. மீதி ஒன்றரை மணி நேரம், கீழே விழுந்த ஒரு நட்டைத் தேடுவதில் போயிற்று.

வேலை இவ்வளவுதான். முதலில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து திராட்டில் பாடிக்கு (ஆக்சிலரேட்டரை மிதித்தால் காற்றுக்கு வழிவிடும் கதவு) போகும் ரப்பர் குழாயின் கிளாம்பைத் தளர்த்தி, காற்று வெப்பநிலை சென்சாரின் இணைப்பைப் பிடுங்கி, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் மூன்று போல்ட்டைக் கழற்றினால் பெட்டி முழுதாகக் கையோடு வந்துவிடும். அது இருந்த இடத்தில் பளபளக்கும் அலுமினியக் குழாய், அதன் நுனியில் பம்பரம் போன்ற கூம்பு ஃபில்டர். என்ஜின் தலையிலிருந்து வரும் சின்ன மூச்சுக்குழாயைப் புதுக் குழாயில் செருக மறந்துவிடாதீர்கள். மறந்தால் என்ஜின் தூசியைச் சுவாசிக்கும், எண்ணெய்ப் புகையைப் போனட்டுக்குள் துப்பும்.

பிக்கப் நன்றாகவே கூடியிருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் முன்னால் ஒரு உறுமல் கேட்கிறது. மைலேஜும் 15இலிருந்து 17 ஆகியிருக்கிறது. தயங்காமல் போடுங்கள்.

2024 ஏப்ரல் 12

செக் என்ஜின் விளக்கு எரிகிறது. குழாயில் எங்கோ காற்றுக் கசிகிறது போலிருக்கிறது. நாளை பார்க்கிறேன்.

2024 ஏப்ரல் 13

கசிவு இல்லை. மெக்கானிக் அண்ணன், வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். பி0113 என்று வந்தது. காற்று வெப்பநிலை சென்சாரின் மின்சுற்றில் மின்னழுத்தம் அளவுக்கு மீறி இருக்கிறது, பெரும்பாலும் சுற்று எங்கோ அறுந்திருக்கிறது என்று அதற்குப் பொருள். அந்த நொடியில் சென்சார்கள் காட்டும் அளவுகளைத் திறந்தால், இன்டேக் காற்றின் வெப்பம் மைனஸ் 40 டிகிரி! மதுரையில், பங்குனிக் கடைசியில். அண்ணன் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டி, "நீ கேட்ட குளிர்ந்த காற்று வந்துவிட்டது, போதுமா?" என்றார்.

சென்சாரைப் புது ரப்பர் வளையத்துக்குள் அழுத்தித் திணித்தபோது இணைப்பின் ஒரு ஊசியை வளைத்திருக்கிறேன். அந்தச் சென்சாரில் வெப்பம் கூடக் கூட மின்தடை குறையும். கம்பி அறுந்தால் தடை அளவில்லாமல் போகும். கம்ப்யூட்டர் அதை அளவில்லாத குளிர் என்று எடுத்துக்கொள்ளும். ஊசி மூக்குக் குறடால் நிமிர்த்தியதும் 47 டிகிரி என்று உண்மை பேசியது.

2024 ஏப்ரல் 14

புத்தாண்டும் அதுவுமாக ஒரு திருத்தம். 10ஆம் தேதி எழுதிய மைலேஜ் கணக்கை மறந்துவிடுங்கள். 15 என்பது ஊருக்குள் ஓட்டிய டேங்க். 17 என்பது திருமங்கலம் தாண்டி விருதுநகர் வரை நான்கு வழிச்சாலையில் போய் வந்த டேங்க். பெட்ரோல் நிரப்பியதும் வேறு வேறு பங்க்கில். இதை வைத்து மைலேஜ் கூடியது என்று எழுதிய எனக்கு ஒரு குட்டு.

2024 ஏப்ரல் 24

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். கோரிப்பாளையம் பக்கமே போகக் கூடாது என்று தெரிந்தும் உறவினரை இறக்கிவிடப் போய், மாற்றுப்பாதையில் ஐம்பது நிமிடம் ஊர்ந்தேன். அந்த ஐம்பது நிமிடமும் ஸ்கேனரைச் செருகியே வைத்திருந்தேன். 800 ரூபாய்க்கு நானே ஒன்று வாங்கிவிட்டேன், கைப்பேசியோடு ப்ளூடூத்தில் பேசும்.

கிளம்பும்போது இன்டேக் காற்று 44 டிகிரி. பத்து நிமிடம் ஊர்ந்த பிறகு 57. கடைசியில் 68. வெளியே நிழலில் 38. அதாவது கோல்ட் ஏர் என்று பெயர் எழுதி நான் காசு கொடுத்து வாங்கிய சாமான், ரேடியேட்டர் விசிறி தள்ளிவிட்ட அனலைத்தான் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. போனட்டைத் திறந்து அலுமினியக் குழாயைத் தொட்டேன். இட்லிக் கொப்பரை மூடியைத் தொட்டதுபோல் கையை இழுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

காற்றின் அடர்த்தி வெப்பத்துக்கு நேர் எதிராகப் போகும். டிகிரியோடு 273ஐக் கூட்டிக்கொண்டு கணக்குப் போட வேண்டும். 44 டிகிரி 317 ஆகும், 68 டிகிரி 341 ஆகும். 317ஐ 341ஆல் வகுத்தால் 0.93. ஒவ்வொரு மூச்சிலும் ஏழு சதவீதக் காற்று குறைவு. பத்துக் குதிரைத் திறன் எங்கே கூடியது? இருந்ததில் சில குதிரைகள் மேயப் போய்விட்டன.

2024 ஏப்ரல் 26

இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். இருவரும் சொல்வது சரி.

முதலாமவர் கேட்டது: பழைய பெட்டியோடு அளந்து பார்த்தீர்களா? இல்லை. ஸ்கேனர் வாங்கியதே மாட்டிய பிறகுதான். ஒப்பிட ஒன்றும் இல்லாமல் குறை சொல்வது, மாப்பிள்ளையைப் பார்க்காமலே மூக்கு சரியில்லை என்பதுபோல. நேற்று மெக்கானிக் அண்ணனிடம் சர்வீசுக்கு வந்த இதே மாடல் காரை, உடைமையாளரிடம் கேட்டுக்கொண்டு, அதே நேரத்தில் அதே பாதையில் ஊரவிட்டுப் பார்த்தோம். கம்பெனிப் பெட்டி, கம்பெனிக் குழாய். நெரிசலில் அதிகபட்சம் 51 டிகிரி. ஓடும்போது 41.

காரணம், கம்பெனிப் பெட்டியின் வாய் எங்கே இருக்கிறது என்று பார்த்தபோது புரிந்தது. ரேடியேட்டருக்கு மேலே, முன் கிரில்லுக்குப் பின்னால், வெளிக்காற்றைப் பார்த்தபடி இருக்கிறது. அதாவது வண்டி கம்பெனியிலிருந்து வரும்போதே கோல்ட் ஏர் இன்டேக்கோடுதான் வருகிறது. நான் அதைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, 9,500 ரூபாய்க்கு ஹாட் ஏர் இன்டேக் வாங்கியிருக்கிறேன்.

இரண்டாமவர் சொன்னது: நெரிசலில் ஊரும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கிறோமா என்ன? திராட்டில் பாதி மூடியிருக்கும்போது காற்று சூடாக இருந்தால் அதை இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் திறப்போம், அவ்வளவுதான். மூடிய திராட்டிலை எதிர்த்து இழுக்கும் வேலை மிச்சமாவதால் எரிபொருள்கூட இம்மியளவு மிஞ்சலாம். ஏழு சதவீத இழப்பு என்பது முழுக்க மிதிக்கும்போது மட்டும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காற்று மிகவும் சூடானால் என்ஜின் தட்டல் (பெட்ரோல் தானாக வெடித்துத் தட்டுவது) வராமலிருக்கக் கம்ப்யூட்டர் தீப்பொறி நேரத்தையும் பின்னுக்குத் தள்ளும். சிக்னலில் பச்சை விழுந்து கிளம்பும் முதல் நூறு மீட்டரில் வண்டி சோம்பலாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

2024 மே 5

அக்னி நட்சத்திரம் தொடங்கி இரண்டாம் நாள். தகர வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் அலுமினியத் தகட்டில் ஒரு மறைப்புச் சுவர் செய்து வாங்கினேன். அட்டையை வெட்டி மாதிரி கொடுத்தேன். அதைத் தூரப் போட்டுவிட்டு, போனட்டுக்குள் தலையை விட்டுக் கண்ணாலேயே அளந்தார். ஒருமுறை மடித்தார். ஒரு மூலையில் சுண்டுவிரல் அகலம் நறுக்கினார். உட்கார்ந்துவிட்டது. 450 ரூபாய். போனட் மூடும்போது இடுக்கில்லாமல் இருக்க, மேல் விளிம்பில் கார் கதவுக்குப் போடும் ரப்பர் பீடிங்கை நான் ஒட்டினேன்.

பலன், நெரிசலில் 68 போய் 59. ஓடும்போது 42. இந்த 450 ரூபாய் வேலை அந்த 9,500 ரூபாய்ப் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும்.

மனைவி சொல்கிறாள், வண்டிக்குச் சளி பிடித்திருப்பதுபோல் சத்தம் வருகிறதாம், டாக்டரிடம் காட்ட வேண்டுமாம்.

2024 மே 13

சத்தத்தைப் பற்றிக் கேட்டவருக்கு. கம்பெனிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு வெற்று டப்பா தொங்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. அதனால் வீண் சாமான் என்று பலர் கழற்றி எறிகிறார்கள். அதுதான் ரெசனேட்டர். கோலி சோடா பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரே சுருதியில் ஓசை வரும் இல்லையா, அதே தத்துவம். தன் சுருதிக்குப் பொருந்தும் ஒலியை அந்த டப்பா விழுங்கிவிடும். அதைக் கழற்றினால் அதுவரை அமுங்கியிருந்த உறுமல் வெளியே வரும். காது கேட்டதை இடுப்பு உணர்ந்ததாக மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. ஏப்ரல் 10ஆம் தேதி "பிக்கப் நன்றாகவே கூடியிருக்கிறது" என்று எழுதியது என் காதுதான்.

இருந்தாலும் அந்த உறுமல் எனக்குப் பிடித்திருக்கிறது. அதையும் மறைக்க வேண்டாம்.

நேற்று இன்னொரு வேலையும் செய்தேன். லேத் பட்டறையில் குழாயை நீட்டி, ஒரு வளைவு வைத்து, ஃபில்டரை முன் பம்பருக்குள், பனி விளக்குக்குப் பின்னால் இறக்கிவிட்டேன். இப்போதுதான் பெயருக்கேற்ற கோல்ட் ஏர் இன்டேக். ஓடும்போது வெளிக்காற்றைவிட மூன்றே டிகிரி கூடுதல். நெரிசலில்கூட 49. பழைய பெட்டியை முதல்முறையாக வென்றுவிட்டேன்.

2024 மே 14

"மழைக்காலம் என்று ஒன்று மதுரைக்கும் உண்டு" என்று ஒருவர் ஒற்றை வரி எழுதியிருக்கிறார். புரிகிறது. ஐப்பசிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது ஐயா.

2024 மே 29

கொடைக்கானல் போய் வந்தோம். அங்கே குளிரில் கார் பறக்கும் என்று போன வாரம் ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் கார் பறக்கவில்லை. வத்தலக்குண்டு தாண்டி ஏற ஏற மூச்சு வாங்கியது.

குளிர் உண்மைதான், மேலே 17 டிகிரி. ஆனால் அந்த 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைப்போல் ஐந்தில் நான்கு பங்குதான். குளிரால் கிடைக்கும் அடர்த்தி ஏழு, எட்டு சதவீதம். உயரத்தால் போவது இருபது சதவீதத்துக்கு மேல். ஸ்கேனரில் அழுத்தம் 79 கிலோபாஸ்கல் என்று காட்டியது. கீழே மதுரையில் 99. எந்தக் கூம்பு ஃபில்டரும் இந்த இருபதைத் திருப்பித் தராது, காற்றை அமுக்கித் திணிக்கும் டர்போ இருந்தால் வேறு கதை.

2024 ஜூலை 22

ஆடிக்காற்று. மேலூர் பக்கம் வேலைக்காகப் பத்து நாள் போய் வந்தேன். கிரானைட் குவாரிகளின் பக்கம் மண் சாலை, லாரி போனால் அரை நிமிடம் ஒன்றும் தெரியாது.

மெக்கானிக் அண்ணன் சொல்லிக்கொடுத்த சோதனை இது. ஃபில்டருக்கும் திராட்டில் பாடிக்கும் நடுவில், குழாயின் உட்சுவரில் விரலால் மெல்லிசாகக் கிரீஸ் தடவி மூடிவிட வேண்டும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு திறந்து பார்க்க வேண்டும். ஃபில்டர் நல்லதானால் கிரீஸ் தடவிய நிறத்திலேயே இருக்கும்.

எனக்கு மேலூர் மண் நிறத்தில் இருந்தது. விரலில் எடுத்து நகங்களுக்கு நடுவே வைத்து உரசினால் நறநற என்றது. அது மணல். அதேதான் பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே போய் உரசிக்கொண்டிருக்கிறது.

என் தவறும் இதில் உண்டு. இந்த வகை ஃபில்டர் பல மடிப்புப் பருத்தித் துணி. எண்ணெய் ஊறியிருந்தால்தான் தூசி ஒட்டும். இந்த வகை ஃபில்டருக்குப் பேர்போன அமெரிக்காவின் கே அண்டு என் கம்பெனியிலும் இதுதான் முறை. நான் ஜூனில் அதைக் கழுவிக் காயவைத்து, எண்ணெயை மறுநாள் போடலாம் என்று அப்படியே மாட்டிவிட்டு மறந்துவிட்டேன். எண்ணெய் இல்லாத பருத்தித் துணி வெறும் கொசுவலை.

எண்ணெயை அள்ளி ஊற்றுவதும் தவறு. டீசல் கார்கள் பலவற்றிலும் சில பெட்ரோல் கார்களிலும் காற்றின் அளவைச் சூடான மெல்லிழை ஒன்று அளக்கும். எண்ணெய்த் துளி பறந்துபோய் அதில் படிந்தால் அளவு பிசகும், வண்டி இழுக்காது. என் வண்டியில் மேனிஃபோல்டு (திராட்டிலைத் தாண்டி சிலிண்டர்களுக்குக் காற்று பிரியும் குழாய்) அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடும் சென்சார் என்பதால் அந்தத் தொல்லை இல்லை. வாங்குவதற்கு முன் உங்கள் வண்டியில் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்பெனியின் காகித ஃபில்டர் 350 ரூபாய். கழுவ வேண்டாம், எண்ணெய் வேண்டாம். அழுக்கானால் தூக்கிப்போட்டுப் புதிது மாட்டலாம்.

2024 அக்டோபர் 26

மே 14ஆம் தேதி ஒற்றை வரி எழுதியவரே, உங்களுக்குத்தான் இது.

நேற்று மாலை பெய்த மழையை மதுரைக்காரர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. செல்லூர்ப் பக்கம் தெருவெல்லாம் தண்ணீர். நான் மணிநகரத்தில், ரயில் பாதைக்கு அடியில் சாலை இறங்கும் கர்டர் பாலத்துக்கு முன்னால் நின்றிருந்தேன். முன்னால் போன ஆட்டோ பாதி சக்கரம் முழுக, தத்தளித்துக் கரையேறிவிட்டது. பின்னால் ஹாரன். ஆட்டோ போன தண்ணீரில் கார் போகாதா என்று முதல் கியரில் இறக்கப் போனேன். அப்போதுதான் என் ஃபில்டர் எங்கே தொங்குகிறது என்று நினைவு வந்தது. பனி விளக்குக்குப் பின்னால், தரையிலிருந்து ஒரு முழம்கூட இல்லை. முன் பம்பர் தள்ளும் அலை அதற்கும் மேலே ஏறும்.

ஹாரன் அடித்தவர்களிடம் வாங்கிய வசவோடு பின்னால் எடுத்தேன்.

காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. என்ஜின் ஓடும்போது ஒரு சிலிண்டருக்குள் அரை டம்ளர் தண்ணீர் போனாலும் மேலே வரும் பிஸ்டன் அதில் முட்டி நிற்கும். கிராங்க் தண்டு நிற்காது. நடுவில் இருக்கும் கனெக்டிங் ராடு வளையும், சில சமயம் உடைந்து என்ஜின் பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். மெக்கானிக் அண்ணனிடம் இன்று காலை இழுத்து வந்த மூன்று வண்டிகள் நிற்கின்றன. அதில் ஒன்றில் என்னுடையதைப் போலவே பம்பருக்குள் இறக்கிய குழாய். கழற்றிய ராடை மேசையில் வைத்திருந்தார், வாழைப்பழம்போல் வளைந்திருந்தது.

தண்ணீரில் நின்றுவிட்ட காரை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். மிச்சமிருக்கும் ராடும் அந்த இரண்டாம் முயற்சியில்தான் வளையும். பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் சாவியைத் தொட வேண்டும்.

2024 அக்டோபர் 29

அந்த வண்டிக்காரருக்கு இன்சூரன்ஸ் கிடைக்கவில்லை. சாதாரண பாலிசியில் தண்ணீர் புகுந்து என்ஜின் கெடுவது தொடர் சேதம் என்ற கணக்கில் விலக்கப்பட்டிருக்கும். அதற்குத் தனியாக என்ஜின் பாதுகாப்புச் சேர்க்கை வாங்க வேண்டும். இவர் வாங்கியிருந்தார். ஆனால் பார்வையிட வந்தவர் குழாயைப் படம் எடுத்துக்கொண்டு, மாற்றம் செய்ததைத் தெரிவித்தீர்களா என்று ஒரே கேள்வி கேட்டாராம்.

சட்டத்தையும் பார்த்துவிட்டேன், முன்பே பார்த்திருக்க வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2019இல் சேர்த்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒரு ஃபில்டருக்காக யாரைப் பிடித்தார்கள் என்று கேட்பீர்கள். சாலையில் யாரும் போனட்டைத் திறக்கச் சொல்லமாட்டார்கள்தான். பணம் கேட்டு நாம் போய் நிற்கும் நாளில்தான் திறக்கச் சொல்வார்கள்.

2024 டிசம்பர் 15

பழைய பெட்டியை மாட்டிவிட்டேன்.

பரணிலிருந்து இறக்கியபோது கனமாக இருந்தது. வாய்க்குள் விரலை விட்டால் அடைப்பு. எட்டு மாதத்தில் குளவி அதற்குள் வரிசையாக ஐந்து அறை வைத்து மண் வீடு கட்டியிருக்கிறது. நான்கு காலி, ஒன்றில் உலர்ந்த சிலந்திகள். திருப்புளியால் சுரண்டி, கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்தேன். பார்க்காமல் மாட்டியிருந்தால் அந்த மண் நேரே ஃபில்டருக்குப் போயிருக்கும்.

கழற்றுவதற்கு முன் குழாயோடும், மாட்டிய பிறகு பெட்டியோடும், காலை ஐந்தரை மணிக்கு ஆளில்லாத சுற்றுச்சாலையில் ஓட்டிப் பார்த்தேன். மூன்றாம் கியரில் 40இலிருந்து 80 வரை, மச்சான் கைப்பேசியில் வீடியோ எடுத்து நேரம் பார்த்தான். ஒவ்வொன்றும் நான்கு தடவை. பம்பருக்குள் இறக்கிய குழாய்: சராசரி 9.4 நொடி. கம்பெனிப் பெட்டி, புதுக் காகித ஃபில்டர்: 9.6. கம்பெனிப் பெட்டியோடு ஏசியை அணைத்தால்: 8.9.

கடைசி எண்ணை இன்னொரு முறை படியுங்கள். விரலால் ஒரு பொத்தானை அழுத்தியதில் கிடைத்தது, குழாயும் தகடும் லேத்தும் சேர்ந்து தந்ததைப்போல மூன்று மடங்குக்கு மேல்.

ஃபில்டர் எவ்வளவு தடுக்கிறது என்பதையும் ஸ்கேனரிலேயே பார்க்கலாம். என்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் போட்டால் வெளிக்காற்றின் அழுத்தம் தெரியும், எனக்கு 99. முழுக்க மிதித்து 4,500 சுற்றில் பெட்டியோடு 96, குழாயோடு 97. ஒரே ஒரு கிலோபாஸ்கல், அதாவது ஒரு சதவீதம். புது ஃபில்டர் மாட்டிய கம்பெனிப் பெட்டி குழாயைவிடக் கூடுதலாகத் திருடுவதே அவ்வளவுதான், மீட்பதற்கு வேறு என்ன இருக்கிறது?

2024 டிசம்பர் 16

முதல் கேள்வியை இன்றுதான் நிதானமாகப் படித்தேன். எட்டு மாதம் என் வண்டியைப் பற்றியே பேசியிருக்கிறேன்.

தம்பி, நீங்கள் விடியற்காலை மூன்றரைக்கு வருகிறீர்கள். அந்த நேரத்தில் செக்கானூரணி வயல்காற்று சித்திரையிலேயே 27 டிகிரிதான் இருக்கும். சாலை காலி, சிக்னலில் நிற்பதில்லை. நான் தகரமும் குழாயும் வைத்துத் தேடியது உங்களுக்குத் தினமும் இலவசமாகக் கிடைக்கிறது. அப்படியும் வண்டி திணறுகிறது என்றால் காரணம் காற்று இல்லை. இன்னும் ஒன்றும் வாங்கவில்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை சந்தை முடிந்ததும் வில்லாபுரம் வாருங்கள், அண்ணனிடம் காட்டுவோம்.

2024 டிசம்பர் 22

வந்தார். வந்த வேகத்தில் அண்ணன் போனட்டைத் திறக்கவே இல்லை. நான்கு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். இடது பின் சக்கரத்தில் வைத்த கையை உடனே எடுத்துவிட்டார். என்னையும் தொடச் சொன்னார். ஏப்ரலில் தொட்ட அந்த அலுமினியக் குழாயைவிடச் சூடு. ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து உறைக்குள் இறுகி, விடுவித்தாலும் முழுக்க விடாமல் டிரம்மைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பூ மூட்டைப் பாரமும் சேர்ந்து, அவர் பாதி பிரேக் போட்டுக்கொண்டே லாரியை முந்தப் பார்த்திருக்கிறார்.

கேபிளும் பிரேக் ஷூவும் மாற்றினார்கள். ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்தோம். ஃபில்டர் கறுத்துப் போயிருந்தது, எப்போது மாற்றினார் என்று அவருக்கே நினைவில்லை. அதையும் மாற்றினோம். கூலியோடு 3,900 ரூபாய்.

கிளம்பும்போது மறுத்தும் கேளாமல் அரை கிலோ மல்லிகையைக் கையில் திணித்துவிட்டுப் போனார். மார்கழியில் மல்லிகை என்ன விலை விற்கும் என்று மதுரைக்காரர்களுக்குத் தெரியும். அந்தக் குழாய் வாங்கியதால் வீட்டுக்கு ஒரு நன்மை நடந்தது இதுதான் முதல் தடவை என்று மனைவி சொல்லிவிட்டுப் பூத் தொடுக்க உட்கார்ந்துவிட்டாள்.

குழாய் பரணில் இருக்கிறது. இந்த முறை இரண்டு வாயையும் துணியால் கட்டி வைத்திருக்கிறேன்.